சூரியன் சீறினால் ஓசூர் லாரிக்கு என்ன ஆகும்? ஆதித்யா-எல்1 எதைப் பார்க்கிறது?

ஓசூர் ஆலையில் சரக்கு ஏற்றிய லாரி ஜூஜூவாடி எல்லையைத் தாண்டிவிட்டதா? செல்போனைத் திறந்தால் ஜிபிஎஸ் புள்ளி சொல்லிவிடும். அந்தப் புள்ளியைத் தடுமாற வைக்க, 15 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கும் சூரியனால் முடியும்.

எப்படி? ஜிபிஎஸ் என்பது அடிப்படையில் நேரக் கணக்கு. சிக்னல் வந்துசேர்ந்த நேரத்தில் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 30 செ.மீ. மாறும். சூரியப் புயலில் அயனி மண்டலம் கலங்கி, சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்தமிழகம் வழியாகப் போவதால், சாதாரண நாள்களிலேயே மாலைக்குப் பிறகு இங்கே அது கொஞ்சம் குழம்பும்.

சரி, கரன்ட் போகுமா? 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருளில் இருந்தார்கள். ஆனால் அது துருவத்துக்குப் பக்கம். நமக்கு அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. ‘மூணு நாள் உலகமே இருளும்’ வாட்ஸ்அப் ஃபார்வர்டை தாராளமாக டெலிட் செய்யலாம்.

இதைக் கண்காணிக்கத்தான் ஆதித்யா-எல்1. திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி, 2024 ஜனவரி 6-ல் பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தள்ளியுள்ள எல்1 பகுதியைச் சேர்ந்தது. அதன் 7 கருவிகளில் முக்கியமான விஇஎல்சி, பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஹொசகோட்டே வளாகத்தில் உருவானது (ஓசூர் இல்லை, பெயர்க் குழப்பம் வேண்டாம்!). சூரிய வட்டை மறைத்து, செயற்கைக் கிரகணம் உண்டாக்கி, கரோனாவைப் படமெடுக்கிறது.

அங்கே வெடித்துக் கிளம்பும் பிளாஸ்மா மேகம் பூமிக்கு வர பொதுவாக 1 முதல் 3 நாள் ஆகும். கிளம்பும்போதே பார்த்துவிட்டால் அவ்வளவு அவகாசம். எல்1-ஐ அது தாண்டும்போதுதான் தெரிந்தால், கையில் மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

ஆனால் ஆதித்யா பார்ப்பது வெளிப்பக்கம் மட்டும். புயலுக்குக் காரணமான காந்தப்புலம் உருவாவது சூரியனுக்கு உள்ளே. அதை ஒலி அலைகளின் அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரி. அதற்கான உலகளாவிய காங் வலையமைப்பின் 6 மையங்களில் ஒன்று உதய்ப்பூரில் இருக்கிறது. ஐரோப்பாவின் பிளாட்டோ விண்கலம் இதே உத்தியை மற்ற நட்சத்திரங்களுக்குப் பயன்படுத்தப்போகிறது, 26 கேமராக்களோடு.

சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சம் தாண்டி இறங்கும் ஆண்டுகளிலும் பெரிய புயல்கள் வருவதுண்டு. ஆதித்யாவின் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டுகள்.