கல்லின் விளிம்பும் காற்றின் பொடியும்

எழுத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கையாளும் சொற்கள் பலவும் கல்லோடு பழகிய கைகளிடம் கடன் வாங்கியவை. செதுக்கிய நடை என்கிறோம். மெருகேறிய கவிதை என்கிறோம். பட்டை தீட்டிய சொல் என்கிறோம். கடன் கொடுத்தவர் இன்று எப்படி இருக்கிறார் என்று ஒருமுறையேனும் கேட்பது கடன்பட்டவர்க்கு அழகு. ஆகவே இலக்கியம் பேசும் இவ்விடத்தில் சமையல் மேடைக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை வருவது கண்டு அன்பர்கள் வியப்படைய வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது ஒன்றே: வீட்டில் வைத்துக் கிரானைட்டின் விளிம்பை இயந்திரத்தால் அறுத்து, வளைத்து, மெருகிடும் வேலையைத் தண்ணீரின்றிச் செய்யக் கூடாது, செய்விக்கவும் கூடாது.

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். ஒன்று கல்லை அறிந்த ஊர். மற்றொன்று தூசியை அறிந்த ஊர். ஆண்டாள் கோயில் மண்டபத் தூண்களில் நாயக்கர் காலத்துச் சிற்பிகள் கர்ணனையும் அர்ச்சுனனையும் உளி கொண்டு வடித்தார்கள். அந்தத் தூண்களின் விளிம்புகளில் கை வைத்துத் தடவிப் பார்க்காதவர் அவ்வூரில் இருக்க மாட்டார். இராஜபாளையத்திலோ 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா தொடங்கிய மில்லும் அதன் பின் வந்த மில்களும் ஊரைப் பஞ்சின் ஊராக்கின. பஞ்சுத் தூசி நெஞ்சில் சேர்ந்தால் நோய் வரும் என்பது நூற்பாலையுள்ள எந்த ஊருக்கும் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தியன்று. கல்லையும் தூசியையும் இவ்வளவு அறிந்த இவ்விரண்டு ஊர்களும், கல்லிலிருந்து எழும் தூசியைப் பற்றி மட்டும் பேசாதிருப்பது நமக்கு வியப்பாயிருக்கிறது.

ஒரு தலைமுறைக்கு முன் நம் வீடுகளில் கிரானைட் கிடையாது. தரைக்குச் சிவப்பு ரெட் ஆக்சைடு அல்லது மொசைக். சமையல் மேடைக்குக் கடப்பைக் கல். இன்றோ சமையல் மேடை, வாசற்படி, மாடிப்படி, ஜன்னல் திண்டு, பூஜை மாடம் என்று எங்கும் கிரானைட். கல்லின் மேற்பரப்பு ஆலையிலேயே மெருகிடப்பட்டு வருகிறது. விளிம்பு மட்டும் அறுத்த நிலையில், வெளுத்து, சொரசொரப்பாக, கையைக் கீறும் கூர்மையோடு வந்து சேர்கிறது. அந்த விளிம்பை முடிக்கும் வேலைதான் வீட்டுக்குள் நடக்கிறது. தொழிலாளர் வழக்கில் இதற்கு மோல்டிங் என்றும் நோசிங் என்றும் பெயர். அரை வட்டம், முழு வட்டம், சாய்வெட்டு என்று வீட்டுக்காரர் கேட்கும் வடிவம் எதுவாயினும் கூலி ஓடும் அடிக் கணக்கில்.

வேலையின் போக்கைச் சிறிது விளக்குவோம். முதலில் வைரத்துகள் பதித்த பிளேடால் கல்லை அளவுக்கு அறுப்பார்கள். விளிம்பு தடிப்பாகத் தெரிய வேண்டுமென்றால், அடியில் அதே கல்லின் பட்டை ஒன்றை எபாக்சி கொண்டு ஒட்டுவார்கள். பின்பு நான்கு அங்குலக் கிரைண்டரில் சாணைச் சக்கரம் பூட்டி, கூர்முனையை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் தேய்ப்பார்கள்; அந்தச் சாய்வின் இரு ஓரங்களையும் மறுபடி தேய்ப்பார்கள்; பட்டை பட்டையாகத் தேயத் தேய வட்டம் பிறக்கும். அதன் பிறகு மெருகு: 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக நுண்ணியதாகும் வைரப் பேடுகள். ஒவ்வொரு பேடும் முந்தையது விட்ட கீறலை அழித்துத் தன் கீறலை விட்டுச் செல்லும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல் சிறுத்துவிட்டால் அதற்குப் பெயர் பளபளப்பு. மெழுகினாலோ எண்ணெயினாலோ வருவதன்று இந்த ஒளி. இடையில் ஒரு படியைத் தாண்டியவரின் அவசரம், மாலை வெயில் சாய்வாக விழும்போது கல்லிலே எழுதி வைத்தாற்போல் தெரியும். கறுப்புக் கல்லில் இன்னும் நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் பெருந்திறன். ஆனால் தேய்ந்த கல் எங்கே போகிறது? கணக்கு எளியது. பதினெட்டு மில்லிமீட்டர் கனமுள்ள கல்லை, இரண்டு மில்லிமீட்டர் அகலப் பிளேடால் ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்தால் ஏறத்தாழ 95 கிராம் கல் பொடியாகிறது. கிரானைட்டில் கால் பங்கு அளவுக்குக் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, இருப்பது இயல்பு. ஆக, இருபது கிராமுக்கு மேல் சிலிக்கா. அமெரிக்கா 2016இல் தொழிலாளர்க்கு வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். பன்னிரண்டடிக்குப் பத்தடிச் சமையலறை ஒன்றின் காற்று முழுவதிலும் அந்த வரம்பை எட்ட இரண்டு மில்லிகிராம் நுண்பொடி போதும். மேற்சொன்ன சிலிக்காவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காற்றில் மிதந்தாலே கதை முடிந்தது. நாம் கண்ணால் காணும் வெண்புகை பெரும்பாலும் பருந்துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலாகவும் சளியாகவும் வெளியேறும். தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத துகள். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைந்த அது நுரையீரலின் அடிவரை இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதைச் சுற்றி நுரையீரல் தழும்பேறும். சிலிக்கோசிஸ் என்னும் இந்நோய்க்கு இன்றுவரை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. காசநோய்க்கும் அது கதவைத் திறந்து வைக்கிறது. படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் வகைப்படுத்தியது.

எல்லாக் கல்லும் ஒன்றன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தையில் கறுப்புக் கிரானைட் என்று விற்பவற்றில் பல, நிலவியல்படி கிரானைட்டே அல்ல. டோலரைட் போன்ற அப்பாறைகளில் குவார்ட்ஸ் குறைவு. வெளிர்நிறக் கற்களில் அது மிகுதி. செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளோ தனிவகை. அவற்றில் சிலிக்கா தொண்ணூறு விழுக்காட்டையும் தாண்டக்கூடும். இளவயதுத் தொழிலாளர் பலர் நோயுற்றதைக் கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அவ்வகைப் பலகையைச் செய்யவும் விற்கவும் பதிக்கவும் தடை விதித்தது. அதே வகைப் பலகை நம் ஊர்ச் சமையலறைகளுக்கு நாகரிகத்தின் அடையாளமாக வந்துகொண்டிருக்கிறது.

“கல்தச்சர் காலங்காலமாகச் செய்யும் தொழில்தானே?” என்பார் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பாரி என்னும் சிற்றூரின் வரலாற்றைச் சொல்லலாம். அங்குக் கிரானைட் வேலைக்கு வந்தவர்களுள் இத்தாலியின் கராராப் பகுதிச் சிற்பிகள் பலர். அவர்கள் பழகியது சலவைக்கல். அதில் சிலிக்கா மிகச் சொற்பம். பாரியில் கல் மாறியது. காற்றழுத்தத்தால் இயங்கும் உளியும் வந்தது. பனிக்காலக் குளிருக்காக மூடிய கொட்டகைக்குள் வேலை நடந்தது. கைவினை அதே கைவினைதான். பொடி மட்டும் வேறாயிற்று. ஒரு தலைமுறை நெஞ்சுநோயால் சாய்ந்தது. 1920களில் அரசு மருத்துவத்துறை ஆராய்ந்தது. 1930களின் இறுதியில் பொடியை உறிஞ்சும் குழாய்கள் கொட்டகைகளில் அமைந்தன. அதற்குப் பின் வேலையில் சேர்ந்தோரிடையே சிலிக்கோசிஸ் மரணம் மிக அரிதாயிற்று. கல்லும் மாறவில்லை, தொழிலும் நிற்கவில்லை. நமது மூடிய சமையலறையும், நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்றுச் சுழலும் கிரைண்டரும் அந்தக் கொட்டகையின் மறுபிறப்பே.

நம்மிடம் உறிஞ்சு குழாய் இல்லை, தண்ணீர் இருக்கிறது. பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் இடையறாது நீர் விழுந்தால் நுண்பொடியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு எழாமலே அடங்கும். கல் அறுக்கும் இயந்திரங்கள் பலவற்றோடு நீர்க்குழாய் சேர்ந்தே வருகிறது. பின் ஏன் அது பெட்டியிலேயே உறங்குகிறது? புதிதாய்ப் பெயின்ட் அடித்த சுவரில் சேறு தெறிக்கும் என்று வீட்டுக்காரர் தடுக்கிறார். நீரில் கோடு அழியும், வேலை தாமதப்படும் என்று தொழிலாளி தயங்குகிறார். தண்ணீரும் மின்சாரமும் சேரலாமா என்ற அச்சம் இருவருக்கும் உண்டு.

மூன்றாவது தடை நியாயமானது. ஆதலால் அதற்கு முதலில் விடை. சாதாரணக் கிரைண்டரின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றுவது தற்கொலைக்கு ஒப்பு. நீர் விட்டு வேலை செய்வதற்கென்றே அமைந்த வெட் பாலிஷர் தனியாகக் கிடைக்கிறது. அதன் சுழற்சியும் நிமிடத்துக்கு ஓரிரண்டாயிரம் முதல் நாலாயிரத்துச் சொச்சம் வரைதான். ரெசின் பேடுகளுக்கும் அந்த வேகமே உகந்தது. பதினோராயிரத்தில் அவை கருகிக் கல்லில் கறை பூசும். மின் இணைப்பு, 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக வர வேண்டும். இணைப்புகள் தரையில் கிடக்காமல் உயரத் தொங்க வேண்டும். சுவரில் சேறு தெறிக்கும் என்ற தடைக்கு விடை இன்னும் எளிது: வேலையை மொட்டைமாடிக்கோ கொல்லைக்கோ மாற்றுங்கள், கல் மேடையில் பதிவதற்கு முன்பே விளிம்பை முடியுங்கள். சேற்றைக் காயவிட்டுப் பெருக்கினால் அடங்கிய பொடி மறுபடி எழும். ஈரமாகவே வழித்துச் சாக்கில் கட்டுங்கள். தண்ணீர் அரிது என்றால், தெளிந்த நீரை வடித்து மறுபடி பயன்படுத்தலாம்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது காப்பாகாது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மருத்துவத் துணி உலகெங்கும் காயங்களைக் கட்டுகிறது. அந்தத் துணியும் இந்தத் துகளைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 வகை முகமூடி, நீருக்குத் துணையாக வேண்டும். நீருக்குப் பதிலாக அன்று. விடுமுறை நாளில் தாமே கிரைண்டர் வாங்கி இரண்டு படிக்கல்லை முடித்துப் பார்க்கும் ஆர்வலர்க்கும் இது பொருந்தும். அவர்க்கு நாம் சொல்வது: முதலில் வீணான துண்டில் பழகுங்கள், வட்டத்தை விட்டுச் சாய்வெட்டில் தொடங்குங்கள், சக்கரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். அவர் விழுங்குவது ஒரு நாள் பொடி. தொழிலாளி விழுங்குவது இருபது ஆண்டுப் பொடி.

சட்டம் இங்கே பெரிதும் உதவாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சிலிக்கோசிஸ் இடம்பெற்றது. ஆனால் வீடு தொழிற்சாலை அன்று. கட்டுமானத் தொழிலாளர்க்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொந்த வீட்டு வேலையை விலக்கியே எழுதப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த விலக்கை ஐம்பது இலட்சமாக உயர்த்தியது. இராஜஸ்தான் அரசு இந்நோய்க்கென்று 2019இல் தனிக் கொள்கை வகுத்தது; அது நோய் வந்த பின்பு தரும் ஆறுதல். வாசற்படிக்கு இப்பால் நடப்பதற்கு வீட்டுக்காரரே பொறுப்பு.

அந்தப் பொறுப்பு கூலி பேசும் நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்பது நமது கருத்து. ஓடும் அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, அதிலும் பத்து ரூபாய் குறைத்துவிட்டு, நீர் விட்டுச் செய் என்று உபதேசிப்பதில் அறம் இல்லை. வேகம் குறைந்தால் தொழிலாளியின் அன்றைய வருமானம் குறையும். அந்தக் குறைவை ஈடுசெய்ய வேண்டியவர் வழவழப்பை அனுபவிக்கப் போகிறவர்தாம். வீடு கட்ட மதிப்பீடு போடும்போதே ‘நீர்வழி விளிம்பு வேலை’ என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். கொத்தனாரிடமும் பொறியாளரிடமும் அந்த வரியைக் காட்டுங்கள். பல இலட்சம் செலவாகும் வீட்டில் அவ்வரியின் தொகை சில ஆயிரத்தைத் தாண்டாது. அதைத் தர மனம் இல்லாதவர் சமையல் மேடையின் விளிம்பைச் சாய்வெட்டோடு விட்டுவிடலாம். வட்டமாக இல்லாத விளிம்பினால் எந்த வீட்டிலும் சோறு வேகாமல் போனதில்லை.