புக்கிட் பத்து பஹாட் அடிவாரத்தில் ஓர் இரவு

பத்து பஹாட் என்றதும் நம் ஜோகூர்க்காரர்கள் மூவாருக்குப் பக்கத்து ஊரைத்தான் நினைப்பார்கள். நான் சொல்ல வந்தது அதுவன்று. கெடா மாநிலத்தில் ஜெராய் மலையின் அடிவாரத்திலே புக்கிட் பத்து பஹாட் என்றொரு குன்று இருக்கிறது. உளி கொண்டு செதுக்கிய கல் என்று பொருள். செதுக்கியது யார் என்பதிலே நான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குத் தவறாகப் பாடம் நடத்தியிருக்கிறேன், வாசகர்களே. அந்தக் கதைதான் இது.

நண்பர் ஒருவர் கூடாரமும் கையுமாகக் கம்போடியாவைச் சுற்றிவிட்டு வந்தார். தாய்லாந்து எல்லையோரம் இருக்கும் பந்தியாய் ச்மார் கோயிலின் படங்களைக் காட்டினார். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழாம் ஜெயவர்மன் எழுப்பியது. கோபுரத்திலே கல்முகங்கள், சுவரெல்லாம் போர்க் காட்சிகள். "நம்ம நாட்டுல இப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். "பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறதே!" என்றேன். "நீங்க பார்த்திருக்கீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

பள்ளி விடுமுறையில் மைத்துனரின் வேனை இரவல் வாங்கினேன். தம்போயிலிருந்து சுங்கை பட்டாணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு, வழியில் பசியாறி, மெர்போக்கை அடுத்த தூப்பா அருவிப் பக்கம் கூடாரம் அடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் இருவர், எழுபது கடந்த அத்தை. முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அத்தைக்குக் காட்டில் படுப்பது பெரிதில்லை. பெரிதாக இருந்தது எனக்குத்தான். இரவில் மழை கொட்டியது. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டாமல் விட்ட என் அறிவீனத்தை வீட்டுக்காரி இன்றும் உறவினர்களிடம் விவரிக்கிறாள். போகிறவர்கள் அட்டைக்கு உப்பு எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் சமையலுக்குக் கொண்டுபோன உப்பெல்லாம் அதற்கே தீர்ந்தது.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனோம். மலாய்க்காரர்கள் பழங்கோயிலைச் சண்டி என்பார்கள். 1980-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் வளாகத்திலே, வேறிடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த சண்டிகளும் உண்டு. புக்கிட் பத்து பஹாட் சண்டியோ, சலசலக்கும் ஓடையின் பக்கத்தில், கட்டிய இடத்திலேயே நிற்கிறது. 1936, 37-இல் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவியும் இப்பகுதியைத் தோண்டி ஆராய்ந்தார்கள். 1959, 60-இல் அலஸ்டேர் லாம்ப் என்பவர் சரிந்து கிடந்த கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார்.

கருவறை, அதன் முன்னே மண்டபம். நம் கோயிலின் ஒழுங்குதான். ஆனால் கூரை இல்லை, சாமி இல்லை. கல்மேடையும் வட்டக் கற்களும்தான். "இவ்வளவுதானா அப்பா?" என்று மகன் முகத்தைச் சுளித்தான்.

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒரு வட்டக் கல்லைத் தடவிப் பார்த்தார். "இது தூணு நிக்கிற கல்லுடா. எங்க பழைய லயத்து வீடும் இப்படித்தான் கல்லு மேலே மரக்கால் வச்சு நின்னுச்சு. மரத்தைக் கரையான் தின்னுடும், கல்லு இருக்கும்."

ஆய்வாளர்கள் சொல்வதும் அதையேதான். மேலே மரத்தூண்களும் கூரையும் இருந்து அழிந்திருக்கின்றன. கம்போடியாவில் பேரரசர்கள் உச்சி வரை கல்லிலே கட்டினார்கள். இது கப்பல் வந்து போன துறைமுக ஊர். பக்கத்துச் சுங்கை பத்துவில் 2009 முதல் தோண்டியபோது இரும்பு உருக்கிய இடங்களும் படகுத்துறையும் வெளிப்பட்டன.

அப்போதுதான் மகள் கேட்டாள்: "இதை ராஜேந்திர சோழர்தானே கட்டினார்?"

ஆம் என்றுதான் வகுப்பில் சொல்லி வந்தேன். உண்மை வேறு. 1025-இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்துக்குக் கோயில் கட்ட வரவில்லை, போருக்கு வந்தது. தஞ்சைக் கல்வெட்டு வெற்றியைத்தான் பாடுகிறது. அதே ராஜேந்திரனுக்குக் கம்போஜ அரசன் நட்பு நாடித் தேர் அனுப்பினான் என்கிறது கரந்தைச் செப்பேடு. அங்கே தேர், இங்கே படையெடுப்பு! இந்தியத் தொடர்போ அதற்கும் முந்தியது. 1834-இல் ஜேம்ஸ் லோ இவ்வட்டாரத்தில் கண்டெடுத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டு சுமார் 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆக, முதலில் வந்தவர்கள் வணிகர்களும் மாலுமிகளும். உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்த அவர்களின் பெயர்களைப் பெரும்பாலும் எந்தக் கல்லும் சொல்லவில்லை. பெயரில்லாத கூலிக்காரர்களின் பேரனாகிய எனக்கு, ஏனோ, மன்னனைவிட அவர்கள் நெருக்கமாகத் தெரிந்தார்கள்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. 2013-இல் இதே பள்ளத்தாக்கில் பதினொன்றாம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது இடித்துத் தள்ளப்பட்டது. செய்தி வெளியே வந்து கூச்சல் எழுந்தபோது கோயில் இல்லை. அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில் மாதிரியா?" என்றார். அவர் வேலை செய்த தோட்டமும் இன்று வரிசை வரிசையாய் வீடுகள்தான்.

பள்ளி திறந்த முதல் நாள், கரும்பலகையில் 1025 என்று எழுதி என் பாடத்தைத் திருத்தினேன். "அப்போ முன்னாடி சொன்னது பொய்யா சார்?" என்றான் ஒருவன். "பார்க்காமல் சொன்னதப்பா" என்றேன். "அப்போ நாங்க எப்போ பார்க்கிறது?" என்றான்.

பதினெட்டுப் பிள்ளைகள். மைத்துனரிடம் மறுபடியும் வேன் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.