ஐம்பது கோடுகளில் நம்ம ஊர்க் கோடு எது?

2024 அக்டோபர் 15. சென்னை வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாக கார்கள் வரிசைகட்டி நின்றன. மறுநாளைக்கு ரெட் அலர்ட். பள்ளிகளுக்கு லீவு, ஐ.டி. ஊழியர்களுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம், கடைகளில் பாலும் பிரெட்டும் காலி. 15-ம் தேதி மழை கொட்டியது நிஜம்தான். ஆனால் ஊரே பயந்துகொண்டிருந்த 16-ம் தேதியில் பெரிய மழை வரவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17-ம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே சத்தமில்லாமல் கரையேறிப் போய்விட்டது. பாலத்திலிருந்து கார்கள் இறங்குவதற்குள் மீம்ஸ் ஏறிவிட்டன.

அடுத்த ஆறு வாரத்தில் ஃபெஞ்சல் வந்தது. புயலாகுமா, ஆகாதா என்பதே கடைசிவரை இழுபறி. நவம்பர் 29 பிற்பகலில்தான் புயலானது. காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடக்கும் என்றார்கள், அங்கேதான் கடந்தது. ஆனால் 30-ம் தேதி பகலிலேயே கடந்துவிடும் என்று எதிர்பார்த்தது, இரவு பதினொரு மணிவாக்கில்தான் கடந்து முடித்தது. கடந்த பிறகும் நகராமல் புதுச்சேரி பக்கத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்துவிட்டது. புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும் ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. மறுநாள், கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்.

முதல் முறை 'சொன்னது வரவில்லை'. இரண்டாவது முறை 'இவ்வளவு என்று சொல்லவில்லையே'. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. வானிலைக் கணிப்பு இப்போதெல்லாம் ஒரு பதிலைத் தருவதில்லை. ஐம்பது பதில்களைத் தருகிறது. வாட்ஸ்அப்பில் நம் கைக்கு வந்து சேருவது அதில் ஒன்று, அல்லது எல்லாவற்றின் சராசரி.

எத்தனை இலை போடுவது?

கல்யாண வீட்டில் சாப்பாட்டுக் கணக்கு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் 600 பேர் என்பார். சமையல்காரர் 450 போதும் என்பார். மாமா ஒருவர் இருப்பார், அவருக்கு எப்போதுமே ஆயிரம்தான். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி அரிசி வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. நாலு பேர் சொன்னதையும் கேட்டு, மாமா சொன்னதில் முந்நூறைக் கழித்து, நடுவே ஒரு எண்ணுக்கு வருவார்கள். 'மல்டி மாடல் என்செம்பிள்' என்று பெரிய பெயரில் அழைக்கப்படுவது அடிப்படையில் இந்தக் கணக்குதான்.

இங்கே அண்ணன், சமையல்காரர், மாமா எல்லாமே கம்ப்யூட்டர் மாடல்கள். ஐரோப்பிய மாடல், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., பிரிட்டன் மாடல், ஜப்பான் மாடல், நம் நாட்டு மாடல்கள். எல்லாமே அதே இயற்பியல் சமன்பாடுகளைத்தான் தீர்க்கின்றன. ஆனால் மேகத்தை ஒன்று ஒரு மாதிரி கணக்கிடும், கடல் சூட்டை இன்னொன்று வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கதோஷம் உண்டு. ஒன்று புயலை வேகமாக ஓட்டும். இன்னொன்று வடக்கே இழுத்துக்கொண்டு போகும்.

'மாமா சொன்னதில் முந்நூறைக் கழி' என்பதை முறையான கணிதமாக்கியவர் சென்னையில் பிறந்த ஒரு தமிழர். பெயர் டி.என்.கிருஷ்ணமூர்த்தி. (வயலின் டி.என்.கிருஷ்ணன் வேறு.) அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வானிலை அறிவியல் பேராசிரியராக இருந்தவர். ஒவ்வொரு மாடலும் இதுவரை எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு தவறியது என்று பார்த்து, அந்தப் பிழையைத் திருத்தி, நன்றாகச் சொல்லும் மாடலுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துச் சேர்ப்பதுதான் அவர் வழி. 'சூப்பர் என்செம்பிள்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அவரும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை 1999-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2018-ல் அவர் காலமானார். பல மாடல்களை இப்படி எடை போட்டுச் சேர்த்துப் புயலின் பாதையைக் கணிக்கும் முறை இந்திய வானிலை ஆய்வுத் துறையிலும் இருக்கிறது. சென்னைக்காரர்கள் இவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

இது பலரிடம் ஒரே கேள்வியைக் கேட்பது. ஒரே ஆளிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மாற்றிக் கேட்பது இன்னொரு வகை. 'அன்றைக்கு மழை பெய்தால் எத்தனை பேர் வருவார்கள்? பஸ் ஓடாவிட்டால்?' என்பது மாதிரி.

இதற்கான காரணம் 1961-ல் அமெரிக்காவில் தெரியவந்தது. எட்வர்ட் லாரன்ஸ் என்ற விஞ்ஞானி, கம்ப்யூட்டரில் 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டு, பழைய கணக்கை மறுபடி ஓட்டினார். கொஞ்ச தூரம் ஒன்றாகவே போன வானிலை, பிறகு முற்றிலும் வேறாகப் பிரிந்துவிட்டது. வங்காள விரிகுடாவின் நடுவில் தெர்மாமீட்டரோடு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சாட்டிலைட், சில மிதவைகள், கப்பல்கள் தரும் தகவலில் அதைவிடப் பெரிய இடைவெளிகள் உண்டு. அதனால் தொடக்க எண்களை லேசாக அசைத்து அசைத்துப் பல முறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையம் 51 முறை, அமெரிக்க மையம் 31 முறை. நொய்டாவில் உள்ள நம் தேசிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் 23 முறை.

எல்லாப் பாதைகளையும் ஒரே மேப்பில் வரைந்தால் நூல் நூலாக வரும். வெள்ளைக்காரர்கள் ஸ்பகெட்டி என்கிறார்கள்; நமக்கு இடியாப்பம். இழைகள் நெருக்கமாக இருந்தால் பாதையை ஓரளவு நம்பலாம். விரிந்து கிடந்தால், அந்தப் புயல் எங்கே போகும் என்று அப்போதைக்கு யாருக்கும் தெரியாது என்று பொருள். அந்த நேரத்தில் சென்னையைத் தொடுகிற ஒரே ஒரு இழையை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, 'சென்னைக்கு ஆபத்து' என்று ஃபேமிலி குரூப்பில் போடுவதுதான் வம்பு. பொய் என்று சொல்ல முடியாது. 51-ல் ஒன்று, அவ்வளவுதான்.

சராசரி மறைக்கும் மழை

பாதையைப் பொறுத்தவரை, பலவற்றைச் சேர்த்துச் சராசரி எடுப்பது பெரும்பாலும் தனி மாடலைவிட நன்றாகவே வேலை செய்கிறது. வடக்கே தவறுவதும் தெற்கே தவறுவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இப்போது ஒரு நாள் முன்னதான கணிப்பில் புயலின் மையம் சராசரியாக 100 கிலோமீட்டருக்குள்தான் தவறுகிறது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய சாதனை, அதே நேரம் எவ்வளவு போதாத சாதனை என்று புரியும்.

மழை விஷயத்தில் சராசரி காலை வாரிவிடும். ஒரு கணிப்பு மரக்காணத்தில் 40 சென்டிமீட்டர் என்கிறது. இன்னொன்று அதே 40-ஐ கடலூரில் போடுகிறது, மற்றொன்று செங்கல்பட்டில். மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் மூன்று ஊருக்கும் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் என்று வரும். எந்தக் கணிப்புமே 13 என்று சொல்லவில்லை! எங்கோ ஓரிடத்தில் 40 உறுதி, எங்கே என்பதுதான் தெரியாது என்பதே அவை சொன்ன சேதி. சராசரி மேப்பில் அந்தச் சேதி காணாமல் போய்விடுகிறது. 'இத்தனை கணிப்புகளில் எத்தனை, 20 சென்டிமீட்டருக்கு மேல் சொல்கின்றன' என்று எண்ணிப் பார்க்கிற மேப்தான் இங்கே உதவும்.

ஃபெஞ்சலில் கூடுதல் சிக்கல், அதன் வேகம். புயலுக்குச் சொந்தக் கால் கிடையாது. சுற்றியிருக்கும் காற்றுதான் பரிசலைத் தள்ளுவதுபோல அதைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்று வலுவிழந்துவிட்டால் புயல் நின்ற இடத்திலேயே சுற்றும். மேகங்கள் ஒரே ஊரின் தலையில் திரும்பத் திரும்பக் கொட்டும். பாதையில் பிழையே இல்லாமல், சில மணி நேரத் தாமதம் மட்டுமே ஒரு மாவட்டத்தை மூழ்கடிக்கும்.

வானிலைத் துறை மேப்பில் வரும் கூம்பையும் பலர் தப்பாகவே படிக்கிறார்கள். அது புயலின் அளவு அல்ல. புயலின் மையம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதற்கான குறி. கூம்புக்கு வெளியே இருக்கும் ஊருக்கு மழையோ காற்றோ வராது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. புயல் கரையேறி வலுவிழந்துவிட்டது என்று டி.வி.யை அணைத்தவர்களுக்கு ஊத்தங்கரை செய்தி மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அந்த மழைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டது. கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கிராமங்கள் தண்ணீரில் நின்றன. முன்கூட்டியே எச்சரித்தோம் என்று அரசும், இல்லை என்று எதிர்க்கட்சிகளும் மோதிக்கொண்டன. சண்டை அதோடு முடிந்தது. அணைப் பொறியாளரின் மேஜைக்கு யாரும் போகவில்லை.

அங்கே இருக்கும் கேள்வி இதுதான். மூன்று நாளைக்கு முன்பு, 50 கணிப்புகளில் 10 மட்டும் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பேய்மழை என்கின்றன. 20 சதவிகிதம். அப்போதே பாதி அணையைத் திறந்துவிடலாம். ஆற்றில் நிதானமாகப் போய்ச் சேரும். மழை வராவிட்டால்? கோடையில் தண்ணீர் இல்லாமல் நிற்கும் விவசாயி, 'யாரைக் கேட்டுத் திறந்தாய்' என்பார், நியாயமாகவே. திறக்காமல் காத்திருந்து மழை வந்துவிட்டால், நள்ளிரவில் திறக்க வேண்டியிருக்கும். எத்தனை சதவிகிதம் வந்தால் திறக்கலாம் என்பதை எந்த மாடலும் சொல்லாது. மழைக்கு முன்பே அரசு உட்கார்ந்து, எழுத்தில் வைக்க வேண்டிய விஷயம் அது. அப்படி எழுதி வைக்காதவரை, பழியைச் சுமக்கப்போவது அன்றைக்கு டியூட்டியில் இருக்கும் பொறியாளர்தான்.

ஆழ்கடலுக்குப் போகும் படகுக்காரருக்கோ 20 சதவிகிதமே அதிகம். நாலு நாள் கழித்துத் திரும்பும்போது நடுக்கடலில் மாட்டிக்கொள்வார். கலெக்டருக்குப் பள்ளி லீவு விட 40, 50 வேண்டியிருக்கலாம். கார் பார்க்கிங் பள்ளத்தில் இருக்கும் அப்பார்ட்மென்ட்வாசிக்கு 10 போதும், பாலம்வரை ஓட்டிப்போக பெட்ரோல் செலவுதான்.

ஏ.ஐ. மாடல்களும் இப்போது இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் தன் ஏ.ஐ. மாடலை அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. சூப்பர் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் செய்வதை நிமிடங்களில் முடிக்கின்றன. அதனால் இடியாப்பத்தில் இழைகள் இன்னும் கூடப்போகின்றன.

ஃபெஞ்சல் நேரத்தில் வேளச்சேரி பாலத்தில் மறுபடியும் கார்கள் ஏறின. நவம்பர் 30 அன்று மழையில் சென்னை விமான நிலையத்தையே மூடவேண்டி வந்தது. அக்டோபரில் மீம்ஸ் போட்டவர்களின் கார்களும் அந்த வரிசையில் நின்றிருக்கக்கூடும்.