காது இத்தனை நீளமா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பெண் தன் அப்பத்தாவைப் படமாக எழுதினாளாம். தண்டட்டி தொங்கும் காது தோளைத் தாண்டி மார்புவரை வந்துவிட்டது. "அளவே சரியில்லை, திருத்தி எழுது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். பெண் படத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "ஜாமினி ராய் எழுதிய பெண்ணுக்குக் கண் காதுவரை போகிறது. அதை எல்லோரும் மெச்சுகிறார்கள். என் மகள் செய்தால் மட்டும் தப்பா? காதை அழித்துக் குறைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. ராயின் படத்தையே முதலில் பார்த்துவிடுவோம்.

தாயையும் சேயையும் அவர் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறார். இடுப்பில் பிள்ளை. தாயின் தோளிலிருந்து இறங்கும் கோடு தடுமாறாமல் கீழே ஓடுகிறது. முகத்தில் நிழல் கிடையாது. மேடு பள்ளம் கிடையாது. மூக்கு ஒரு கீற்று, வாய் ஒரு சிறு கோடு. கண் மட்டும் முகத்தை விட்டே புறப்படுகிற மாதிரி நீண்டு கிடக்கிறது. பிள்ளைக்கும் அதே கண். யார் ஜாடை என்று கேட்க வேண்டியதே இல்லை! மற்றதையெல்லாம் சுருக்கியதனால்தான் நம் பார்வை அந்தக் கண்ணிலேயே போய் நிற்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? மதுரையில் கோயில் கொண்டவளின் பெயருக்கே மீன் போன்ற கண்ணுடையாள் என்பதுதானே அர்த்தம்? அம்மனுக்குக் கண்மலர் சாத்தும்போது யாரும் அங்குலக்கோல் வைத்துப் பார்ப்பதில்லை.

அளவு தெரியாதவர் என்றும் ராயைச் சொல்ல முடியாது. வங்காளத்தில் பாங்குரா ஜில்லாவில் 1887-ல் பிறந்தவர். கல்கத்தா அரசாங்க ஓவியப் பள்ளியில் மேல்நாட்டு முறையைப் பயின்று, மனிதர்களை அச்சு அசலாக எழுதிப் பிழைத்தவர். 1920-களில் அதை உதறிவிட்டு, காளிகாட் கோயிலடியில் யாத்ரிகர்களுக்குப் படம் விற்ற சித்திரக்காரர்களின் கோட்டைத் தேடிப் போனார். சீமை வர்ணமும் வேண்டாமென்று விட்டார். விளக்குக் கரி, சுண்ணக்கட்டி, வண்டல் மண், அவுரி நீலம். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. உசிலம்பட்டிப் பக்கம் புளியங்கொட்டைக்கா பஞ்சம்! 1972-ல் காலமானார்.

ஆகவே, சகோதரி, பள்ளிக்கூடத்துக்கு அளவோடு இன்னொரு படம் எழுதிக் கொடுக்கட்டும், மார்க்கு வேண்டாமா? அளவும் கற்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் படத்தின் காதில் கை வைக்காதீர்கள். சின்ன வயதில் குத்தி, குணுக்குப் போட்டு, நாள்பட வளர்த்த காது அல்லவா? பாட்டியின் காதைப் பார்த்து வெட்கப்பட்டு, அறுத்துத் தைத்துக்கொள்ளச் சொன்ன பேரன் பேத்திகள் உண்டு. உங்கள் பெண்ணோ அதைப் பெரிதாக்கி எழுதியிருக்கிறாள்.

படத்தை உங்கள் மாமியாரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே! பரணிலிருந்து இறக்கி முதலில் அவர்களிடம் காட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.