குலுக்கலில் ஒரு புறக்குதிரைத் துப்பாக்கி

அமெரிக்காவில் பழந்துப்பாக்கி சேகரிப்போரின் சங்கங்கள் நிதி திரட்டக் குலுக்கல் நடத்துவதுண்டு. பரிசு, நூறாண்டு கடந்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, அதிலும் புறத்தே இரு குதிரைகள் நிமிர்ந்து நிற்கும் வகை என்றால் உற்சாகம் கரைபுரள்கிறது. இதை வெறும் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்குவோருடன் நமக்கு உடன்பாடில்லை. நம் கவலை வேறு.

குதிரை என்பது, சுடுமுன் கட்டைவிரலால் பின்னிழுத்து நிறுத்தும் வளைந்த இரும்பு. அதனை உள்ளே மறைத்து, குழலை மடக்கும்போதே தானாக ஏறிக்கொள்ளச் செய்யும் பொறியமைப்பை 1875இல் பர்மிங்ஹாமில் ஆன்சனும் டீலியும் உருவாக்கினர். புறக்குதிரையின் காலம் அப்போதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இங்கிலாந்தின் ரிப்பன் பிரபு 1923இல் வேட்டைக்களத்திலேயே உயிர்விடும் வரை புறக்குதிரைத் துப்பாக்கிகளைக் கைவிடவில்லை. அவர் வீழ்த்திய உயிர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்பதையும் இந்த அழகைப் பேசுவோர் மறந்துவிடலாகாது.

ஆம், அழகுதான். இரும்பும் எஃகும் அடுக்கிய கம்பிகளை முறுக்கி, ஒரு தண்டைச் சுற்றிச் சுருளாக்கி, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய டமாஸ்கஸ் குழல். அதன் மேல் ஓடும் நீரலை போன்ற வரிகள். கனெக்டிகட் மாநிலம் மெரிடன் நகரின் பார்க்கர் நிறுவனம்கூட இக்குழல்களைப் பெல்ஜியத்திலிருந்துதான் தருவித்தது. அந்நிறுவனத்தின் பழைய பேரேடுகளில் பெரும்பகுதி எஞ்சியுள்ளதால், ஒரு துப்பாக்கி எந்த நாளில் யாருக்குச் சென்றது என்பதைப் பல வேளைகளில் கண்டறிய முடிகிறது. சேகரிப்பாளரின் காதல் இரும்பின்மீது மட்டுமன்று, இந்த வரலாற்றின்மீதும்தான்.

அத்தகைய பொருளைக் கண்மூடி எடுக்கும் ஒரு சீட்டு, ஒன்றும் அறியாதவர் கையில் சேர்த்துவிடாதா என்று சிலர் கேட்கலாம். ஏலக்கூடம் மட்டும் அறிவை எடைபோட்டா கொடுக்கிறது? அங்கே வெல்வது பணம். வசதியற்ற ஆர்வலருக்கும் ஒரு வாசல் திறப்பது குலுக்கலே. ஆகவே நாம் குலுக்கலின் பக்கம்.

எனினும் பரிசோடு ஒரு தாளும் சேர்ந்து போகவேண்டும். அமெரிக்கக் கூட்டரசின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், 1898க்குள் செய்யப்பட்டவற்றைத் தொல்துப்பாக்கி என விலக்கி வைக்கிறது. விற்பனையாளரின் வழக்கமான பதிவு, சோதனை எதுவுமின்றிக் கைமாறக் கூடிய பொருளைப் பற்றி எச்சரிக்க யாரும் அருகில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. இக்குழல்களில் பல கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. தோட்டா அமரும் அறையும் பலவற்றில் இன்றைய தோட்டாவைவிடக் குட்டை. கடையில் கிடைத்ததைத் திணித்துச் சுட்டால் அழுத்தம் மிகுந்து குழல் பிளக்கலாம். பிளந்த குழலுக்கு மிக அருகில் இருப்பது சுடுபவரின் இடக்கை.

இன்னொரு கேடு சந்தடியின்றி நிகழ்வது. வென்றவர் மகிழ்ச்சிப் பெருக்கில் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிதாக்கிவிடுவார். செதுக்குவேலை மழுங்கும், மரக்கட்டையின் பழைய எண்ணெய்மெருகு மறையும், எந்தப் பேரேடும் அதை மீட்டுத் தராது.

குழற்சுவரின் தடிமன், அறையின் நீளம், பேரேட்டுக் குறிப்பு, மெருகேற்றாதீர் என்ற ஒரு வரி. இவ்வளவும் அரைப்பக்கத்தில் அடங்கும். சீட்டு அச்சிடும் சங்கத்தார் அதையும் அச்சிடட்டும்.