ஓமந்தூரார் என்பது ஊரா, ஆளா?

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமியாருக்குச் சிகிச்சை. சென்னையில் ஓமந்தூரார் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறி வந்து போகிறாராம். "பேர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஓமந்தூரார் என்பது ஊரா, ஆளா? பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை" என்கிறார்.

இரண்டும்தான், சகோதரி! ஊர், திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூர். ஆள், அந்த ஊர் விவசாயி ராமசாமி ரெட்டியார். 1895-ல் பிறந்தவர். அவருக்கு முன்னால் சென்னை ராஜதானியை ஆண்ட ராஜாஜியும் பிரகாசமும் வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர்கள். இவர் வயலிலிருந்து வந்தவர். 1947 மார்ச்சில் பிரதம மந்திரியானார். மாகாணத் தலைவருக்கு அன்று அதுதான் பட்டம். அந்த ஆகஸ்டில் சுதந்திரக் கொடி ஏறியபோது, ஆந்திரக் கடற்கரையும் மலபாரும் சேர்ந்த பெரிய ராஜதானி அவர் பொறுப்பில் இருந்தது.

குடியானவன் ஒருவன் கோட்டைக்குள் போனால் முதலில் எதைக் கவனிப்பான்? நிலத்தைத்தான். சர்க்காருக்கு நேரே தீர்வை கட்டும் கிராமம் ஒன்று; அதற்கு அடுத்தாற்போல் ஜமீன் கிராமம். மண் ஒன்று, மழை ஒன்று. ஆனால் ஜமீன் குடியானவன் கட்டுவதோ பக்கத்து ஊரானைவிட அதிகம். 1947-ல் வந்த சட்டம் அந்தச் சுமையைப் பக்கத்து ஊர்த் தீர்வையின் அளவுக்குக் குறைத்தது. 1948-ல் வந்த சட்டம் ஜமீனையே ஒழித்தது.

அடுத்து நம் விஷயம். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927 முதல் சட்டசபையில் போராடினார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இருபது வருஷம் தட்டிய கதவு, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாகத் திறந்தது. கோயில்களை எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்துவிட்ட சட்டமும் அதே வருஷத்தில் வந்ததுதான்.

மூன்றாவது, மதுவிலக்கு. ஆம்பூர் சகோதரியின் ஜில்லாவுக்கு அது புதிதல்ல. ராஜாஜி 1937-ல் சேலத்தில் தொடங்கியது, 1939-ல் வட ஆற்காட்டுக்கும் வந்தது. யுத்த காலத்தில் அது நின்றுபோயிற்று. 1948 அக்டோபர் 2, காந்திஜி மறைந்த பிறகு வந்த முதல் ஜயந்தி. அன்று ராஜதானி முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள்ளச் சாராயம் அதனால் ஓய்ந்துவிடவில்லை. 1971-ல் மதுவிலக்கே தளர்ந்தது. ஆனாலும் சம்பளத்தன்று புருஷன் எப்போது, எப்படி வருவான் என்று வாசலில் நின்று பார்க்கும் பெண்ணை நினைத்த சட்டம் அது என்பதை மறுக்க முடியுமா?

இவ்வளவும் இரண்டே வருஷத்தில்! சிபாரிசுக்கு மசியாதவர் என்று பேர் வாங்கினார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு வளர்ந்தது. 1949 ஏப்ரலில் பதவியை விட்டார். வள்ளலாரிடம் பக்தி கொண்டவர் அல்லவா? வடலூரில் போய் இருந்துகொண்டு, ஏழைக் குழந்தைகளின் படிப்பைக் கவனித்தார். 1970-ல் காலமானார்.

இனி, சகோதரி, உங்கள் ஊருக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோலுக்கு உலகமெல்லாம் மதிப்பு. ஷூ கம்பெனிச் சம்பளத்தில் அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனை! அவற்றில் எத்தனை பெண்களின் சம்பளம்! ஆனால் டானரிக் கழிவு பாலாற்றில் கலந்ததன் விலையும் சிறிதல்ல. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுப் போயிற்று என்று சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டுத் தீர்ப்பில் எடுத்துச் சொல்லியிருக்கிறது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அப்படியும் தீரவில்லை. 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஓமந்தூரார் காலத்துச் சட்டம் ஜமீன்தாரை விலக்கி நிலத்தைக் குடியானவன் கையில் சேர்த்தது. பட்டா பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, கிணற்றில் உப்பு! பட்டாவை நட்டால் நெல் விளையுமா? தொழிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டையும் சேர்த்து நினைக்க, மண்ணில் கால் வைத்தவர் ஒருவர் சபையில் இருந்தால் நல்லது.

உங்கள் மாமியார் சுகமாக ஊர் திரும்பட்டும். அடுத்த தேர்தலில் கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு வருகிறவர் யாரானாலும் உட்கார வையுங்கள். நம் வீட்டு மரியாதைப்படி தாகத்துக்குக் கொடுங்கள். கடையில் வாங்கிய கேன் தண்ணீர் வேண்டாம். கிணற்று ஜலமே ஒரு செம்பு கொடுங்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.