டிக்கெட் எடுத்தால் போதுமா?

மும்பைத் தமிழ்த் தோழர்களே!

பஞ்சுத் தூசியையும் கல் தூசியையும் அடுப்புப் புகையையும் விழுங்கித்தான் நம் பெரியவர்கள் குடும்பத்தைக் கரையேற்றினார்கள். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இந்நகரின் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மில் போயிற்று, மூச்சிரைப்பு போகவில்லை.

இன்று பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். ஒன்றரை நாள் ரயில் அவதி எதற்கு என்று பெற்றோருக்கு விமான டிக்கெட் எடுக்கிறார்கள். ரயில்வே குமாஸ்தாவான எனக்கு இதில் பொறாமை இல்லை. ஆனால், டிக்கெட்டோடு கடமை தீர்ந்ததா?

பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். ஏறக்குறைய ஊட்டி உயரம். 8,000 அடியில், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். நல்ல நுரையீரல் சமாளிக்கும். நைந்த நுரையீரல் திணறும். தரையில் விரல் கருவி நல்ல எண் காட்டியது என்று நம்பி ஏறிவிடக் கூடாது.

ஆகவே, டிக்கெட்டுக்கு முன்னால் நெஞ்சுநோய் டாக்டரைப் பாருங்கள். இன்ஹேலரும் மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், சரக்கோடு போடாதீர்கள். வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரை ஏற்ற விடமாட்டார்கள். ஆக்ஸிஜன் தேவைப்படுவோர் கம்பெனியின் மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி, பல நாள் முன்பே அனுமதி பெற வேண்டும்.

"சொன்னால் ஏற்ற மாட்டார்கள்" என்று நோயை மறைக்கிறவர்கள் உண்டு. மறைப்பது வீரமல்ல. உடற்குறையைக் காரணம் காட்டி யாரையும் மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை கெடும் என்று சந்தேகித்தால், டாக்டர் பரிசோதித்துச் சொன்ன பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று 2022-இல் விமானப் போக்குவரத்து விதி திருத்தப்பட்டது. விதி நம் கையில் இருக்க, பயம் எதற்கு?

இன்னொன்றும் கேட்போம். சில கம்பெனிகள் நோயாளிக்கு ஆக்ஸிஜன் தருவதே இல்லை. தருகிறவர்களிலும் சிலர் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி உரிமை என்றால், மூச்சுவிட முடியாதவருக்கு ஆக்ஸிஜன் மட்டும் விலைச் சரக்கா? உழைத்து நுரையீரலை இழந்தவரிடம் காற்றுக்குக் காசு கேட்பது என்ன நியாயம்?

கிளைதோறும் இந்தப் படிவ வேலைக்கு ஓர் இளைஞரை நியமிப்போம். கட்டணமில்லா ஆக்ஸிஜன் கோரி மனுவும் கொடுப்போம். பெரியவர்கள் ஊர் போய்ச் சேர வேண்டும். திரும்பியும் வர வேண்டும்!